வரைகலை அட்டை வாங்கும் முன் மின்வழங்கியைப் பாருங்கள்



பாடநூலையும் பயிற்சிப் புத்தகத்தையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இன்று கணினிப் பெட்டிக்குள் இருக்கும் ஓர் இரும்புப் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். தமிழாசிரியனுக்கு இந்த வேலை எதற்கு என்று சிலர் எண்ணலாம். எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவன்போல் சொன்னதால் ஒரு குடும்பத்துக்கு இழப்பு ஏற்பட்டது. அதனால் இதை எழுத நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த மாணவன் ஒருவன், இப்போது இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவத்தில் இருக்கிறான். சுங்கை சிப்புட் வட்டாரத்தில், முன்பு இரப்பர் தோட்டமாக இருந்து இன்று செம்பனை சூழ்ந்து கிடக்கும் இடத்துக்கு அருகில் அவன் வீடு. தாயார் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறார். பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளைத் தானே கற்றுக்கொண்ட அவன், தன் பாட்டியின் பால்வெட்டுக் காலத்தை அசைபடமாக உருவாக்கிக்கொண்டிருந்தான். பாட்டியைப் பேசவிட்டுப் பல மணி நேரம் குரலைப் பதிவு செய்திருந்தான்.

வீட்டில் இருந்தது யாரோ பயன்படுத்திய பழைய கணினி. அசைபடத்தின் ஒரு காட்சியை உருவாக்க இரவு முழுக்க ஓடும். வரைகலை அட்டை, அதாவது கிராபிக் கார்டு ஒன்று இருந்தால் விரைவாக முடியும் என்று அறிந்தான். தாயார் சீட்டுப் பணத்தில் வாங்கித் தர முன்வந்தார். வாங்குவதற்கு முன் என்னைக் கேட்டார்கள். நான் பெட்டியைத் திறந்தேன். அட்டை செருகும் நீண்ட வாய் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. மின்வழங்கியின் பக்கவாட்டில் 400 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. “தாராளமாக வாங்கலாம்” என்றேன்.

இரண்டு வாரம் நன்றாகவே ஓடியது. மூன்றாம் வாரத்தில் ஓர் இரவு, காட்சி உருவாகிக்கொண்டிருந்தபோது நெகிழி கருகும் வாடை வந்தது. கணினி அணைந்தது. இணைப்பு முனை ஒன்று உருகிக் கிடந்தது. வன்தட்டும் போயிற்று. பாட்டியின் குரலில் பாதி, கைப்பேசியில் இருந்ததால் தப்பியது. மறு பாதி அந்தத் தட்டோடு போனது.

அந்தத் தாய் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “பரவாயில்லை சார், உங்களுக்கும் தெரியாதுதானே” என்றார். அந்தச் சொல் கடிந்துகொண்டதைவிட அதிகமாகச் சுட்டது. தெரியாது என்று நான் முன்பே சொல்லியிருக்கலாம் அல்லவா?

தோட்டத்து இயந்திரம் சொன்ன பாடம்

உண்மையில் இந்தப் பாடம் எனக்குச் சிறுவயதிலேயே கிடைத்த ஒன்று. பேராக் ஆற்றில் செண்டெரோ நீர்மின் நிலையம் 1930ஆம் ஆண்டிலேயே மின்சாரம் தரத் தொடங்கிவிட்டது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் அதனால் பயன்பெற்றன. ஆனால் 1970களின் இறுதியில் நான் வளர்ந்த தோட்டத்து லயங்களுக்குக் கிடைத்தது, மாலையில் சில மணி நேரம் ஓடும் செனரேட்டர் வெளிச்சம் மட்டுமே. அந்த இயந்திரத்திலிருந்து கிராணி வீட்டுப் பக்கம் ஒரு கம்பி போகும். லயத்துப் பக்கம் இன்னொரு கம்பி போகும். யாராவது ஒருவர் வீட்டில் மின்சார இஸ்திரிப் பெட்டியை மாட்டிவிட்டால், லயம் முழுவதும் விளக்கு மங்கும். “எவன்டா அது” என்று பத்து வீட்டிலிருந்து குரல் கேட்கும்.

இயந்திரத்தில் ஆற்றல் இல்லாமல் இல்லை. கிராணி வீட்டில் விளக்கு நன்றாகவே எரிந்தது. நம் பக்கம் வந்த கம்பிக்கு அவ்வளவுதான் வலு. இயந்திரத்தின் மொத்த ஆற்றல் ஒன்று. நமக்கு வேண்டிய கம்பியில் வரும் ஆற்றல் வேறு. கணினியின் மின்வழங்கியும் இப்படித்தான் இயங்குகிறது.

400 என்ற எண் எதைச் சொல்கிறது?

பவர் சப்ளை எனப்படும் மின்வழங்கி, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கி, 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் எனப் பிரித்துக் கொடுக்கிறது. மேலே பெரிய எழுத்தில் காணப்படும் எண், இவை அனைத்தையும் சேர்த்த கூட்டுத்தொகை. வரைகலை அட்டையோ தன் தேவையில் பெரும்பகுதியை 12 வோல்ட் வழியாகவே வாங்குகிறது. இன்றைய மையச் செயலியும் அதே வழியைத்தான் நம்பியிருக்கிறது.

முன்பு இப்படி இல்லை. 1990களின் கணினிகளில் செயலி 5 வோல்ட், 3.3 வோல்ட் ஆகியவற்றிலிருந்தே ஆற்றலைப் பெற்றது. 2000ஆம் ஆண்டில் பெண்டியம் 4 வந்த பிறகுதான் செயலிக்கென்று தனியாக 12 வோல்ட் இணைப்பு பரவியது. பழைய வடிவமைப்பில் செய்த மலிவான மின்வழங்கிகளில் 5 வோல்ட் பக்கம் தாராளமாகவும் 12 வோல்ட் பக்கம் கஞ்சத்தனமாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

நான் பார்க்காமல் விட்டது, பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளின் சிறிய எழுத்துகளை. பிறகு எடுத்துப் படித்தேன். 3.3 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு 25 ஆம்பியர், 12 வோல்ட்டுக்கு 15 ஆம்பியர் என்று இருந்தது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். 12 வோல்ட் பக்கத்தில் 12 × 15 = 180 வாட். மற்ற இரண்டையும் சேர்த்தால் 371. துணை வழிகளையும் கூட்டி, சற்று மேலே தூக்கி, 400 என்று போட்டுவிட்டார்கள்.

இனித் தேவையைக் கணக்கிடுவோம். அந்தக் கணினியின் செயலிக்கு 84 வாட். வாங்கிய அட்டைக்கு 120 வாட். வன்தட்டு, விசிறி, தாய்ப்பலகை ஆகியவற்றுக்குச் சுமார் 30 வாட். மொத்தம் 234. கையில் இருப்பதோ 180. நான்காம் ஆண்டு மாணவன் செய்துவிடக்கூடிய இந்தக் கணக்கை ஆசிரியனாகிய நான் செய்யவில்லை.

அப்படியானால் இரண்டு வாரம் எப்படி ஓடியது? கட்டுரை தட்டச்சு செய்யும்போதும் இணையம் பார்க்கும்போதும் அட்டை மிகக் குறைவாகவே ஆற்றலை எடுக்கும். முழுவேகத்தில் வேலை வாங்கும்போதுதான் 120 வாட் தேவைப்படும். ஆகவே “மாட்டினேன், திரை தெரிகிறது, எல்லாம் சரி” என்ற முடிவு செல்லாது. காண்டாக் கம்பு முறிவது வாளி காலியாக இருக்கும்போது அன்று. பால் நிறைந்த பிறகுதான்.

உருகிய முனையின் கதை

அட்டைக்கு ஆற்றல் இரண்டு வழிகளில் வரும். அது செருகப்படும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வாய், உச்ச அளவாக 75 வாட் தரலாம். அதற்கு மேல் தேவைப்படும் அட்டைகளின் ஓரத்தில் தனி இணைப்பு முனை இருக்கும். ஆறு ஊசி முனை 75 வாட்டுக்கும், எட்டு ஊசி முனை 150 வாட்டுக்கும் வரையறுக்கப்பட்டவை. 2022ஆம் ஆண்டு முதல் வந்த பெரிய அட்டைகள் சிலவற்றில் 600 வாட் வரை தாங்கும் பதினாறு ஊசி முனையும் உண்டு.

நம் மாணவனின் மின்வழங்கியில் ஆறு ஊசிக் கம்பியே இல்லை. இதுவே முதல் எச்சரிக்கை மணி. அட்டைக்குரிய கம்பியை வைக்காத தயாரிப்பாளர், இது அந்த வேலைக்கு உரியதன்று என்று சொல்லாமல் சொல்கிறார். அவன் இணைய விற்பனையாளர் ஒருவரிடம், வன்தட்டுக்குப் போகும் சாட்டா மின்கம்பியை ஆறு ஊசியாக மாற்றும் சிறு இணைப்பியை வாங்கிப் பொருத்தினான்.

சாட்டா மின்முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று ஊசிகள் உண்டு. ஓர் ஊசிக்கு 1.5 ஆம்பியர் என்பது வரம்பு. மூன்றுக்கும் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். ஆறு ஊசி முனையோ 75 வாட் வரை கேட்கலாம். 54 தாங்கும் இடத்தில் 75 சென்றால் சூடேறும்; நெடுநேரம் சென்றால் உருகும். வன்தட்டும் அதே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்ததால் அதுவும் பலியாயிற்று. இத்தகைய இணைப்பி கடையில் விற்கப்படுகிறது என்பதற்காக அது பாதுகாப்பானது என்று எண்ணிவிடாதீர்கள்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பெற்றோர்கள் எழுதி வைத்துக்கொள்ளும்படி வரிசையாகத் தருகிறேன்.

1. மின்செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, கணினியின் பக்கப் பலகையைத் திறங்கள். மின்வழங்கியின் தாளைக் கைப்பேசியால் படமெடுங்கள். பெரிய எண்ணை விட்டுவிட்டு 12 வோல்ட் கட்டத்தைப் படியுங்கள். 12 வோல்ட் இரண்டு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தால் இரண்டையும் கூட்டிவிடாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்த உச்ச அளவு தனியே குறிக்கப்பட்டிருக்கும், அதுவே உண்மை.

2. அட்டைக்கு எத்தனை வாட் தேவை, எத்தனை ஊசி முனை தேவை என்று தயாரிப்பாளரின் பக்கத்தில் பாருங்கள். பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில், 2022இல் வந்த 8 ஜிபி அட்டைக்கு 130 வாட் தேவை. 2024இல் வந்த 6 ஜிபி அட்டைக்கு 70 வாட் போதும். பெயர் ஒன்று, பசி வேறு.

3. செயலி, அட்டை, மற்றவை என மூன்றையும் கூட்டுங்கள். கிடைக்கும் தொகை, 12 வோல்ட் பக்கத்தின் வலுவில் முக்கால் பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அட்டைகள் கணப்பொழுதில் தம் அளவைத் தாண்டி இழுப்பதுண்டு. அதற்கு இடம் விட வேண்டும்.

4. வயதைக் கணக்கில் சேருங்கள். மின்வழங்கிக்குள் இருக்கும் மின்தேக்கிகள் வெப்பத்தால் மெல்ல வறண்டு வலுவிழக்கும். விசிறியில் தூசு அடைத்து, பகல் முழுதும் தகர கூரையின்கீழ் வெந்துகொண்டிருக்கும் பத்து ஆண்டுப் பெட்டி, தாளில் எழுதிய அளவை இன்றும் தரும் என்று எதிர்பார்ப்பது முறையன்று.

5. கம்பிகளைப் பாருங்கள். அட்டைக்குரிய முனை மின்வழங்கியிலேயே இருக்க வேண்டும். மாற்று இணைப்பி தேவைப்படுகிறது என்றால், மாற்ற வேண்டியது மின்வழங்கியைத்தான்.

6. அலுவலகங்களிலிருந்து கழித்துவிட்ட கணினி என்றால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. அவற்றில் பலவற்றின் மின்வழங்கி சிறியது; அளவும் முனையும் பொதுவான வகையைச் சேர்ந்தவை அல்ல. கடையில் வாங்கும் வேறொன்று பொருந்தாமல் போகலாம். சிலவற்றில் செருகுவாயே 75 வாட்டுக்கும் குறைவாகத்தான் தரும். கையேட்டைத் தேடிப் படியுங்கள். பெட்டி ஒல்லியானதாக இருந்தால் முழு உயர அட்டை உள்ளே நுழையாது.

7. மிகப் பழைய மின்வழங்கிகளின் பின்புறம் 115, 230 என்று மாற்றும் சிவப்புப் பொத்தான் இருக்கும். நம் நாட்டில் அது 230இல் இருக்க வேண்டும். விளையாட்டாகக் குழந்தை தள்ளிவிட்டு மின்சாரத்தைப் போட்டால் வெடித்துவிடும்.

கடைசியாக ஒரு தடை. மின்வழங்கியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிள்ளைகளையும் திறக்க விடாதீர்கள். மின்செருகியைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆபத்தான அளவுக்கு மின்னழுத்தம் தேங்கி நிற்கக்கூடும்.

கணினி கடும் வேலையின்போது திடீரென்று அணைந்து மீண்டும் எழுகிறதா? மின்வழங்கியை ஐயப்படுங்கள். செயலி சூடாவதாலும் இப்படி நேரலாம். தொழில்நுட்பர் ஒருவர் கடும் வேலையின்போது 12 வோல்ட்டை அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். 11.4க்கும் 12.6க்கும் இடையே அது நிற்க வேண்டும்.

புதிது வாங்குவதென்றால்

75 வாட்டுக்குள் அடங்கும் அட்டையே பழைய கணினிக்கு ஏற்றது. 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650இன் பெரும்பாலான வடிவங்களும், மேலே சொன்ன 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050உம் இவ்வகை. சில தயாரிப்பாளர்கள் வேகத்தைக் கூட்டித் தனி முனை வைத்திருப்பார்கள். படத்தைப் பார்த்து வாங்குங்கள். 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6400 அட்டைக்கு 53 வாட்தான். ஆனால் அது நான்கு தடங்களில் மட்டுமே தரவை அனுப்புவதால் பழைய தாய்ப்பலகையில் வேகம் குறையும். மின்கணக்கு சரியாக இருந்தாலும் மற்றக் கணக்கு தவறலாம் என்பதற்கு இதுவே சான்று.

புதிய மின்வழங்கி வாங்கும்போது 80 பிளஸ் என்ற முத்திரையைக் காணலாம். 2004இல் தொடங்கிய இத்திட்டம், சுவரிலிருந்து வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது எண்பது விழுக்காட்டைக் கணினிக்குக் கொடுக்கிறது என்று உறுதி கூறுகிறது. நல்ல அடையாளந்தான், ஆயினும் அது சிக்கனத்துக்கான முத்திரை. தரம் முழுவதற்குமான சான்று அன்று. பழைய மின்வழங்கியின் கழற்றும் கம்பிகளைப் புதியதில் மாட்டாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே ஊசி வரிசை மாறியிருக்கும், பொருள்கள் எரிந்துபோகும்.

ஈப்போவாசிகள் யிக் பூங் வளாகத்தை அறிவார்கள். அதுபோன்ற இடங்களுக்கு நேரில் செல்லும்போது, படமெடுத்த தாளைக் கடைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள். “எந்த அட்டை நல்லது” என்று கேட்டால் விலை உயர்ந்தது வரும். “இந்த மின்வழங்கிக்கு எந்த அட்டை பொருந்தும்” என்று கேட்டால் பதில் மாறும்.

உண்மையில் அட்டை வேண்டுமா?

இங்கே என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கணினி மெதுவாக இருக்கிறது என்று சொல்லி வரைகலை அட்டை வாங்க நினைக்கும் பெற்றோர்களில் பலருக்கு அது தேவையே இல்லை. தமிழில் தட்டச்சு செய்யவும், பாடக் காணொளி பார்க்கவும், இணைய வகுப்பில் அமரவும் செயலியோடு வரும் வரைகலையே போதும். பழைய சுழலும் வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி எனப்படும் திடநிலைத் தட்டைப் பொருத்தினால் கிடைக்கும் மாற்றம் மிகப் பெரிது. அதற்கு வேண்டியதோ சில வாட் மட்டுமே. பழைய மின்வழங்கியே தாங்கும்.

மேலும் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14இல் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11இன் தகுதிப் பட்டியலில் இல்லாத செயலி கொண்ட கணினிக்கு எத்தனை விலை கொடுத்து அட்டை வாங்கினாலும் அந்தக் குறை தீராது. லினக்சுக்கு மாறலாம், அல்லது அந்தப் பணத்தை அடுத்த கணினிக்குச் சேர்க்கலாம். அட்டைக்கும் மின்வழங்கிக்கும் ஆகும் தொகையைக் கூட்டி, அதே தொகைக்குச் சற்றுப் புதிய பழைய கணினி கிடைக்குமா என்று ஒருமுறை விசாரியுங்கள்.

அசைபடம் செய்பவனுக்கு அட்டை தேவைதான். அவனிடம் வேண்டாம் என்று சொல்வது நியாயமன்று. அவனுக்குச் சரியான கணக்கைச் சொல்லிக் கொடுப்பதே நியாயம்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்

நம் தமிழ்ப்பள்ளிகளுக்கு நல்லுள்ளங்கள் பழைய கணினிகளைத் தருகிறார்கள். நன்றியோடு வாங்குகிறோம். மாலை போட்டுப் படமும் எடுக்கிறோம். ஆனால் பெட்டியைத் திறந்து தாளைப் படிப்பவர் யார்? பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைக்கலாம். செயலி எது, நினைவகம் எவ்வளவு, மின்வழங்கியின் 12 வோல்ட் அளவு என்ன, எந்த ஆண்டு செய்தது. ஒரு சனிக்கிழமை காலையில் முடிந்துவிடும் வேலை. ஆறாம் ஆண்டு மாணவர்களையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். மின்சுற்றைப் பாடமாகப் படித்த பிள்ளைகளுக்கு அந்தத் தாளே செய்முறைப் பயிற்சி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் சமூகத்தில், அதுவும் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில், ஆசிரியர் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. அறிவிப்புக் கடிதமோ, கடன் பாரமோ, மருந்துச் சீட்டோ எதுவானாலும் “சாரைக் கேட்டுப் பார்” என்பார்கள். அந்த மதிப்பு நமக்குப் பெருமையாக இருக்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டுமானால் “எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்லும் துணிவு வேண்டும். நாம் ஒரு நொடியில் சொல்லும் “தாராளமாக வாங்கலாம்”, அவர்களுக்குப் பல இரவு வேலையின் ஊதியம்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நல்ல வேளையாகத் தாய்ப்பலகையும் அட்டையும் தப்பின. மின்வழங்கியையும் வன்தட்டையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அந்தத் தாய் மறுத்தார், நான் கேட்கவில்லை. புதிய பெட்டியைப் பொருத்துவதற்கு முன் அவனே ஒரு தாளை எடுத்துத் தாளில் கண்டதையெல்லாம் எழுதிப் பெருக்கிக் கூட்டி, “சார், இப்போது சரியா?” என்று கேட்டான். இந்த முறை நானும் உட்கார்ந்து கணக்கைப் பார்த்தேன். சரியாக இருந்தது.

இழந்த குரல்பதிவுக்காகப் பாட்டி மீண்டும் பேசிக்கொண்டிருக்கிறார். முதல்முறை சொன்னவற்றில் சில இப்போது நினைவுக்கு வரவில்லையாம். இம்முறை ஒவ்வொரு பதிவையும் அவன் இரண்டு இடங்களில் சேமிக்கிறான்.

இன்று மாலை உங்கள் வீட்டுக் கணினியின் பக்கப் பலகையைத் திறந்து அந்தத் தாளைப் படியுங்கள். பிள்ளையையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.